சீசன் மாதத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? நீலகிரியில் தனித்து வாழும் தாய்மாரும் கோடை முகாம் செலவும்

நீலகிரியில் ஏப்ரல் மாதக் கடைசியில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பள்ளிக்கூடங்கள் ஆண்டுத் தேர்வை முடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகின்றன. கீழேயிருந்து சுற்றுலாப் பயணிகள் மலையேறத் தொடங்குகிறார்கள். உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி என மே மாதம் முழுவதும் கோடை விழாவாகவே கழிகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது; 2025 கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டது. வரம்பு வைத்த பிறகும் இத்தனை வண்டிகள் என்றால், அவற்றில் வருபவர்களுக்கு அறை பெருக்கவும், படுக்கை விரிக்கவும், சமைக்கவும், பாத்திரம் கழுவவும், கடையில் நின்று வர்க்கியும் தேயிலைத்தூளும் கட்டிக் கொடுக்கவும் எத்தனை கைகள் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தோட்டங்களிலும் கோடை மழை இரண்டு விழுந்துவிட்டால் கொழுந்து துளிர்த்துக்கொண்டு வரும். அதை நாள் தள்ளாமல் பறித்தாக வேண்டும். ஆண்டின் மற்ற மாதங்களில் வேலை தேடி அலைபவருக்குக்கூட இந்த ஆறு வாரங்களில் வேலை கிடைத்துவிடும், லீவுதான் கிடைக்காது.

வேலை மிகுந்த மாதமும் பள்ளி இல்லாத மாதமும் ஒன்றாகவே வருவதுதான் மலையில் தனித்து வாழும் தாயின் சிக்கலுக்கு வேர். சமவெளி நகரங்களில் கோடை முகாமைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பிள்ளை கைப்பேசியோடு முடங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் தேடுகிறார்கள். இங்கே, கணவனை இழந்தவரோ, பிரிந்தவரோ, கைவிடப்பட்டவரோ, மணமாகாமலேயே பிள்ளையை வளர்ப்பவரோ, ஒருவர் சம்பாத்தியத்தில் மட்டும் நடக்கும் வீட்டுக்கு அது முதலில் காவல் பற்றிய கேள்வி. காலை எட்டரைக்கு வேலைக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்குத் திரும்பும் வரை ஏழெட்டு வயதுப் பிள்ளையை யாருடைய கண் பார்வையில் விட்டுச் செல்வது? முகாமுக்குப் பணம் கட்ட முடியுமா என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே ஓவியம் கற்றுத் தருகிறார்களா, அபாகஸ் கற்றுத் தருகிறார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முன்பெல்லாம் இதற்கு விடை பாட்டி வீடு. லீவு விட்டதும் பிள்ளைகளை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டு, பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அழைத்து வருவார்கள். பிறந்த வீட்டோடு உறவு முறிந்த பெண்ணுக்கும், மணமுறிவுக்குப் பின் பிள்ளையின் அப்பா வழி வீட்டுக் கதவு சாத்தப்பட்டுவிட்ட பெண்ணுக்கும் இந்த வழி இல்லை. நீலகிரிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் பல குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களான டேன்டீயிலும் தனியார் தோட்டங்களிலும் குடியமர்ந்தன. இக்குடும்பங்கள் பலவற்றுக்குச் சமவெளியில் போய் ஒரு மாதம் தங்குவதற்குச் சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுதான் ஊர். பாட்டி இருந்தால் அவரும் அதே லைனில்தான் இருப்பார், உடம்பில் தெம்பு இருந்தால் அவரும் கூலிக்குப் போயிருப்பார்.

பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டுப் போகலாமே, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாமே என்பவர்கள் மலையின் நிலவரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பத்தடியில் தேயிலைப் புதர் தொடங்கும். காட்டெருமை பகலிலேயே தெருவில் நிற்கும். கரடி கடைக் கதவை உடைத்துத் தின்பண்டம் தேடும். பந்தலூர்ப் பக்கம் யானை நடமாட்டம் அன்றாடச் செய்தி. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு தோட்டத்தில், அங்கன்வாடியிலிருந்து தாயுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்று கொன்றது. அந்தக் குழந்தையின் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அம்மா கூடவே இருந்தபோதே அப்படி நடந்தது என்பதை நான் மறக்க முயன்றும் முடியவில்லை. வெளியே விளையாடப் போகாதே என்று ஒரு பிள்ளையிடம் நாற்பது நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. போனால் என்ன நேரும் என்பதைப் பற்றி நினைக்காமல் வேலையில் நிற்கவும் முடியாது.

என் மகளுக்கு எட்டு வயது நடந்த ஆண்டில் நான் குன்னூரில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாடகை மண்டபம் ஒன்றில் பத்து நாள் முகாம், காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, கட்டணம் 2,500 ரூபாய் என்று துண்டறிக்கை பார்த்துச் சேர்த்துவிட்டேன். மதிய இடைவேளையில் ஓடிப்போய் அழைத்துவந்து விடுதியின் பின்கட்டில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மூன்றாம் நாளே அது குலைந்தது. சீசன் நெரிசலுக்காகப் போக்குவரத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். மேலே ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் போகும் ஒருவழி ஏற்பாடு. நான் ஏறிய பஸ் நகரவே இல்லை. பாதியில் இறங்கி நடந்தும் மண்டபத்தை அடையும்போது மணி இரண்டு ஆகியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாயம் காயாத காகிதத் தட்டு ஒன்று, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியில் பாதி டீ. "அம்மா, நான் அழலை. அந்தப் பாட்டி டீ குடுத்தாங்க" என்றாள். மண்டபக் காவலாளியின் மனைவி தம் பங்கில் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டருகிலேயே நின்றிருந்தார். முகாம் நடத்தியவர்கள் பன்னிரண்டே முக்காலுக்கே கிளம்பிவிட்டார்களாம். மறுநாள் முதல் பத்தாம் நாள் வரை அரை நாள் லீவு போட்டேன். அந்த ஏழு அரை நாட்களின் சம்பளமும் பிடிக்கப்பட்டது.

அந்த ஆண்டுதான் முகாமின் விலை அதன் கட்டணத்தில் இல்லை, அதன் மணி நேரத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தாயின் நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காலை மூன்று மணி நேரம் மட்டும் நடக்கும் பத்து நாள் முகாமின் கட்டணம் 2,500. பிள்ளையை அழைத்துவர அரை நாள் வேலையை விட்டாக வேண்டும் என்றால் பத்து நாளுக்கு 2,500 ரூபாய் கூலி போகிறது. மொத்தம் 5,000 ரூபாய்க்குக் கிடைப்பது முப்பது மணி நேரக் காவல். மணிக்கு ஏறக்குறைய 167 ரூபாய். இன்னொரு முகாம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, மதியச் சாப்பாட்டோடு, பத்து நாளுக்கு 4,000 ரூபாய் கேட்கிறது என்று கொள்வோம். கூலி இழப்பு இல்லை. எண்பது மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். துண்டறிக்கையில் விலை கூடியதாகத் தெரியும் முகாம், மணிக் கணக்கில் பார்த்தால் மற்றதன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கையில் 4,000 ரூபாய் இல்லாத ஒரே காரணத்தால் ஏழைத் தாய் முதல் முகாமைத் தேர்ந்தெடுத்து, அதிகம் இழக்கிறார். நான் அதைத்தான் செய்தேன்.

இதே அளவுகோலை இலவச முகாம்களின்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. உதகையில் மலை மேம்பாட்டுத் திட்ட நிதியில் அமைந்த திறந்தவெளி மைதானம் இதற்கு இருக்கிறது. பல ஆண்டுகள் கட்டணமில்லாமல் நடந்த இந்த முகாம்களுக்குச் சில ஆண்டுகளில் சிறு தொகை வாங்கியிருக்கிறார்கள் என்றாலும், தனியார் கட்டணத்தோடு ஒப்பிட அது மிகக் குறைவு. பயிற்சியாளர்கள் முறையாகத் தேர்ச்சி பெற்றவர்கள். பிள்ளைக்குத் தடகளத்திலோ கைப்பந்திலோ ஆர்வம் இருந்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மாநிலம் முழுவதும் இந்த முகாம்கள் பொதுவாகக் காலை ஆறரை முதல் எட்டரை வரையும், மாலை நாலரை முதல் ஆறரை வரையும் நடக்கின்றன. வெயிலுக்குப் பயந்து வகுத்த நேரம் அது. மதுரைக்கும் வேலூருக்கும் அது சரி. மே மாதத்திலும் பகல் வெப்பம் 22, 23 டிகிரியைச் சுற்றியே நிற்கும் உதகையில் பகல் முழுவதும் பிள்ளைகள் தாராளமாக ஓடி விளையாடலாம். ஆறரை மணிப் பனியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதுதான் சிரமம். சமவெளியின் வெயிலை மனத்தில் வைத்து வகுத்த நேரத்தை மலைக்கு மட்டும் மாற்றி, காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை என்று வைத்தால், புதிதாக ஒரு ரூபாய் கட்டடச் செலவு இல்லாமல் எத்தனையோ வீடுகளின் பகல் காவலுக்கு வழி பிறக்கும். மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய மாற்றங்களில் இதுவே எளியது என்று நம்புகிறேன்.

பொது நூலகங்கள் மே மாதத்தில் கதை சொல்லல், ஓவியம், கைவினை என்று சிறார் முகாம்களை இலவசமாக நடத்துவதுண்டு. தேவாலயங்களின் விடுமுறை வேதாகமப் பள்ளியை, வி.பி.எஸ். என்று எல்லாரும் சொல்வதை, மலையில் அறியாதவர் இல்லை. ஏறக்குறைய பத்து நாள், காலை வேளையில், பாட்டும் கதையும் பிஸ்கட்டும் டீயுமாக, பெயருக்கு ஒரு கட்டணத்தோடு நடப்பது. பள்ளிவாசல்களில் கோடைக்காலத் தீனியாத் வகுப்புகள் உண்டு. சமயக் கல்விதான் இவற்றின் நோக்கம் என்பதை அறிந்தே தாய்மார் அனுப்புகிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் தம் மகனை அனுப்பியபோது, "அங்க நாலு டீச்சர் இருக்காங்க அக்கா, கேட்டைப் பூட்டி வைக்கிறாங்க" என்றார். பாதுகாப்பு என்ற ஒன்றைத்தான் அவர் பார்த்தார். இவை அனைத்தும் நல்லவை, எனினும் எதுவும் முழுப் பகலைத் தாங்குவதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை வார விடுமுறை போக முப்பதுக்கு மேற்பட்ட வேலை நாட்கள் வருகின்றன. பத்து நாள் முகாம் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிரப்பும்.

பள்ளி மூடும்போது பாடம் மட்டும் நிற்பதில்லை, சாப்பாடும் நிற்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் மதிய உணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் அரசுப் பள்ளியில் கிடைத்துவந்தன. லீவு நாட்களில் அந்த இரண்டு வேளையும் வீட்டுச் செலவாகிறது. அதைச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போகும் வேலையும் தாயின் விடியற்காலையில் சேர்கிறது. லீவில் பள்ளி உணவு கொடுப்பது நடவாத காரியம் இல்லை. 2016-இல் வறட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சமையற்கூடமும் பாத்திரமும் அமைப்பாளரும் இருக்கும் பள்ளிகளில், சீசன் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மட்டுமாவது ஒரு வேளை உணவோடு பகல் முகாம் நடத்தினால், முகாமுக்குப் பணம் கட்டுவது எப்படி என்ற கேள்வியே பாதியாகக் குறையும்.

சட்டம் இந்த வயதுப் பிள்ளையை எங்கே விட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண் தொழிலாளர் இருக்கும் தோட்டத்தில், அல்லது அவர்களின் பிள்ளைகள் இருபது பேர் இருக்கும் தோட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று வகுத்தது. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களில் பிள்ளைக் காம்பரா என்பார்களே, அதுதான் இது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்குமேல் இருந்தால் அவர்களின் கல்விக்கு வசதி செய்ய அந்தச் சட்டம் வழி வகுத்தது. பள்ளி இல்லாத ஆறு வாரங்களில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து ஹெக்டேருக்கோ பதினைந்து தொழிலாளருக்கோ குறைந்த நிலங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தவில்லை; நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் மிகப் பலரின் தோட்டங்கள் அந்த அளவை எட்டாதவை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் கேட்டது. பத்து அறை கொண்ட காட்டேஜிலும் ஹோம்ஸ்டேயிலும் ஐம்பது பேர் எங்கே இருக்கிறார்கள்? அங்கன்வாடி ஆறு வயதோடு முடிகிறது. ஆக, ஆறு வயது முடிந்த பிள்ளை பள்ளி நடக்கும் வரை பள்ளியின் பொறுப்பு. பள்ளி மூடியதும் தாயின் தனிப் பொறுப்பு. இரண்டு பெற்றோர் உள்ள வீட்டில் இந்த இடைவெளியை ஒருவர் மாற்றி ஒருவர் அடைக்கிறார்கள்.

கோடை முகாம் என்ற வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது, ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு 1885-இலேயே சிறுவர்களுக்குக் கோடைக் கூடாரம் அடித்துவிட்டது. அங்கே கோடை விடுமுறை பத்து வாரம் நீளும். பத்து வாரம் பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை அந்த நாட்டு வரிச் சட்டம் வரை எட்டியிருக்கிறது: வேலைக்குப் போகும் பெற்றோர், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் பகல் முகாமுக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் குழந்தைப் பராமரிப்புச் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெறலாம், இரவு தங்கும் முகாமுக்கு அந்தச் சலுகை கிடையாது. முகாம் என்பதை அந்தச் சட்டம் தெளிவாகக் காவலாகவே பார்க்கிறது. நம் வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு இரண்டு பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக் கல்விக் கட்டணம் மட்டும் கழிவில் வரும், முகாம் வராது. மாறாக, வணிக முறையில் நடக்கும் முகாமுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குப் பயிற்சியைத் தனிநபர் ஒருவர் கற்பித்தால் அதற்கு வரி விலக்கு இருக்கிறது. விளையாட்டுப் பயிற்சிக்கு, பதிவு பெற்ற அறக்கட்டளைகள் நடத்தினால் விலக்கு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் நிற்கும் சிறு முகாம் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. எனவே கட்டணத்தோடு ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால், ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது தாயின் உரிமை.

மலையில் முகாம் கட்டணம் ஏன் உயர்ந்து நிற்கிறது என்பதற்கும் சீசன்தான் காரணம். தங்கிப் பயிலும் முகாம்கள் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்ப் பிள்ளைகளை எண்ணி நடத்தப்படுகின்றன. கட்டணமும் அந்த ஊர்ப் பெற்றோரின் வருமானத்தை எண்ணியே வைக்கப்படுகிறது. மே மாதத்தில் மண்டப வாடகையும் வண்டி வாடகையும் ஏறிவிடும். உள்ளூர்ப் பிள்ளைக்கான பகல் முகாமும் அதே மண்டபத்தைத்தான் அதே வாடகைக்கு எடுக்கிறது. கொடைக்கானலிலும் நிலைமை இதுவே.

இனி, பணம் எங்கிருந்து வரக்கூடும் என்பதைப் பார்ப்போம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், 2023 செப்டம்பர் முதல். ஆதரவற்ற விதவையருக்கும் கணவனால் கைவிடப்பட்டோருக்கும் மாத ஓய்வூதியம் 1,200 ரூபாய். இவை அரிசி பருப்புக்கே போய்விடுகின்றன. பலர் அறியாதது, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் உள்ள நிதி ஆதரவு: விதவை, மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. உதகையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானம் ஊரகத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 72,000 என்றால் மாதம் 6,000. நாள் கூலி 450 ரூபாயில் மாதம் இருபது நாள் கொழுந்து பறிக்கும் பெண் 9,000 ரூபாய் ஈட்டி, வரம்பைத் தாண்டிவிடுகிறார். வேலைக்கு ஒழுங்காகப் போவதே தகுதியைப் பறிக்கிறது என்பது இந்த வரம்பின் பெருங்குறை. பிள்ளைக்குக் காவல் தேவைப்படுவது வேலைக்குப் போகும் தாய்க்குத்தான். ஆனாலும் நாள் வேலை நிச்சயமில்லாதவர்கள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. இதற்கு வேண்டிய வருமானச் சான்று, ஆதரவற்ற விதவைச் சான்று, கைவிடப்பட்டோர் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மே மாதச் செலவுக்கு ஏப்ரலில் போய் நின்றால் நடக்காது. மழைக்காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

பிள்ளையின் தந்தை உயிரோடு, வருமானத்தோடு இருந்தால், முகாம் செலவில் அவருக்கும் பங்கு உண்டு. ஜீவனாம்சம் பற்றி 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பிள்ளைகளின் உணவு, உடை, மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு கூடுதல் பயிற்சி வகுப்புகளின் செலவையும், அது ஆடம்பரமாக இல்லாமல் நியாயமான அளவில் இருக்கும் வரை, கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று எல்லாரும் அறிந்திருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி தரக் கடமைப்பட்டது. மனுவில் மாதச் செலவைப் பட்டியலிடும்போது பெரும்பாலோர் பள்ளிக் கட்டணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். லீவு மாதப் பராமரிப்பு என்று ஒரு வரியைத் தனியாகச் சேர்க்கச் சொல்லிப் பழக்க வேண்டும்.

மீதியைச் சேமிப்பால்தான் அடைக்க வேண்டும், அதற்கும் கருவியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுக்கானது, அடுத்த மே மாதத்துக்கு உதவாது. வங்கியில் பத்து மாதத்துக்குத் தொடர் வைப்பு போடலாம். ஜூலையில் தொடங்கி மாதம் 500 வீதம் கட்டினால் சீசனுக்கு 5,000 ரூபாய் கையில் இருக்கும். தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளராக இருப்பவருக்குத் தீபாவளி போனஸ் உண்டு. அதிலிருந்து ஒரு பங்கை அன்றே ஒதுக்கிவிடுவது எளிது. மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடனை ஏப்ரலில் எடுத்து, சீசன் கூலி வரும்போதே மே, ஜூனில் அடைத்துவிடலாம். தெருவில் கிடைக்கும் பத்து வட்டிக் கடனை மட்டும் முகாமுக்காக வாங்கவே கூடாது. ஜூனில் நோட்டும் செருப்பும் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும்போது அந்த வட்டி கழுத்தை நெரிக்கும்.

முகாம் நடத்துபவரிடம் நேராகப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருபது இடம் வைத்துப் பதினாறு பேர் சேர்ந்திருக்கும் முகாமுக்கு, குறைந்த கட்டணத்தில் இன்னொரு பிள்ளையைச் சேர்ப்பதால் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. மண்டபமும் ஆசிரியரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். தவணை கேட்கலாம், இரண்டு பிள்ளை என்றால் தள்ளுபடி கேட்கலாம், சமைக்கவோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவோ ஒரு நாள் உதவிக்கு வருவதாகச் சொல்லலாம். விண்ணப்பத்தில் தந்தை பெயர், தந்தை கையொப்பம் என்ற கட்டம் இருந்தால் தாய் கையொப்பமிட்டால் போதுமா என்று கேளுங்கள். மணமாகாத தாய், பிள்ளையின் தந்தைக்கு அறிவிக்காமலேயே தனிப் பாதுகாவலராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இலேயே சொல்லிவிட்டது; ஒரு முகாம் படிவம் அதைவிடக் கடுமையாக இருக்க நியாயம் இல்லை.

கேட்டே தீர வேண்டியவையும் உண்டு. பொறுப்பில் பெண் ஒருவர் முழு நேரமும் இருக்கிறாரா. பிள்ளையை யார் யாரிடம் ஒப்படைப்பீர்கள். பஸ் தாமதமானால் எத்தனை மணி வரை காத்திருப்பீர்கள். கடைசிக் கேள்வியைத்தான் நான் கேட்காமல் விட்டேன். மலையேற்றம் உண்டு என்று விளம்பரப்படுத்தினால் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகுதான் இதற்கான விதிகள் இறுகின. பிள்ளை சொல்வதில் ஏதாவது உறுத்தினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்த நேரமும் இயங்குகிறது.

போக்குவரத்துச் செலவை ஒரு திட்டம் ஓரளவு குறைத்திருக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப் பகுதிகளுக்கும் வந்தது; தாயும் மகளும் காசில்லாமல் போகலாம், ஐந்து வயது கடந்த மகனுக்கு அரை டிக்கெட்.

அடுத்த ஆண்டு நான் முகாமைத் தேடவில்லை. எங்கள் தெருவில் என்னைப் போல் இன்னும் நான்கு பேர் இருந்தோம்: ஒருவர் பேக்கரியில், இருவர் காட்டேஜ்களில், ஒருவர் கேரட் கழுவும் இடத்தில். அங்கன்வாடி உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவரிடம் போய்ப் பேசினோம். நாளுக்கு ஒரு பிள்ளைக்கு 100 ரூபாய், ஐந்து பிள்ளைகளுக்கு 500, எங்கள் ஐவரின் வாசலிலிருந்தும் பார்த்தால் தெரியும் அவர் வீட்டில், காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை. அரிசியும் பருப்பும் வாரம் ஒருவர் கொடுத்தோம். வார லீவு எந்த நாளில் யாருக்குக் கிடைக்கிறதோ அவர் அன்று நூலகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். மகளுக்கு அந்த மே மாதம் அந்த அம்மா பல்லாங்குழியும் பூத்தையலும் கற்றுக் கொடுத்தார். முப்பத்திரண்டு நாளுக்கு எனக்கு ஆன செலவு 3,200 ரூபாயும் ஒரு வாரத்துச் சாமானும். ஒரு அரை நாள்கூட லீவு போடவில்லை.